நாலு 'எஸ்' போட்ட சீட்டு

விமானம் கிளம்ப ஒரு நாள் இருக்கும்போதே இணையத்தில் 'செக்-இன்' செய்து ஜன்னலோர இருக்கையைப் பிடித்துவிடலாம் என்று உட்கார்ந்தால், முடியாது. விமான நிலையக் கவுண்டரை அணுகச் சொல்லும் ஒரே வரி திரும்பத் திரும்ப வரும். இணைப்பில்தான் கோளாறு என்று நினைத்து, பக்கத்து அறை நண்பனின் கணினியில் ஒரு தடவை, செல்பேசியில் ஒரு தடவை. ம்ஹூம். மறுநாள் கவுண்டரில் இருக்கும் பெண் திரையைப் பார்ப்பார், பாஸ்போர்ட்டைப் பார்ப்பார், மறுபடி திரையைப் பார்ப்பார். யாருக்கோ போன் போடுவார். பின்னால் வரிசை நீளும். பத்து நிமிடம் கழித்து ஒரு சிரிப்போடு போர்டிங் பாஸ் கைக்கு வரும். அதன் ஓரத்தில், கொட்டை எழுத்தில், வரிசையாக நாலு 'எஸ்'.

செகண்டரி செக்யூரிட்டி ஸ்க்ரீனிங் செலெக்‌ஷன். அதாவது, எல்லாருக்கும் நடக்கிற சோதனை போக உங்களுக்கு மட்டும் இன்னொன்று. அமெரிக்காவுக்குப் போகிற, அமெரிக்காவிலிருந்து கிளம்புகிற, அமெரிக்காவுக்குள்ளேயே பறக்கிற யாருக்கும் இது வரலாம். படிக்கப் போகிற மாணவர்களில் பலருக்கு இந்த நாலெழுத்து நன்றாகவே பரிச்சயம்.

என்ன நடக்கும்? வெளிநாட்டு விமான நிலையம் என்றால் பெரும்பாலும் விமானத்தில் ஏறப்போகும் வாசலிலேயே ஓரமாக ஒரு மேஜை போட்டிருப்பார்கள். கைப்பையில் இருக்கிற ஒவ்வொரு பொருளும் வெளியே வரும். அம்மா நாலு கவர் போட்டுக் கட்டிக் கொடுத்த பருப்புப்பொடி, மாற்றுத்துணி, லேப்டாப், பாதி படித்த புத்தகம், எல்லாம் மேஜை மேல். மற்ற பயணிகள் பார்த்துக்கொண்டே தாண்டிப் போவார்கள். லேப்டாப்பையும் செல்பேசியையும் இயக்கிக் காட்டச் சொல்வார்கள். சின்னத் துணித்துண்டு ஒன்றால் கைகளையும் பையையும் துடைத்து ஒரு இயந்திரத்துக்குள் வைப்பார்கள். வெடிமருந்தின் துகள் ஏதாவது ஒட்டியிருந்தால் அது சொல்லிவிடுமாம். (கைக்குப் பூசுகிற கிரீமில் இருக்கும் கிளிசரினுக்கும், வயல் உரத்துக்கும், இதய நோய்க்காரர்களின் நைட்ரோகிளிசரின் மாத்திரைக்கும்கூட அது மணியடிக்கும் என்பது தனிக்கதை.) பிறகு உடம்பு முழுக்கத் தடவிப் பார்ப்பார்கள். சிலருக்குக் கால் மணி நேரத்தில் முடிந்துவிடும். சிலர் முடித்துவிட்டு நிமிரும்போது விமானம் போயிருக்கும்.

ஒரு விஷயத்தை முதலிலேயே ஒத்துக்கொள்ள வேண்டும். சோதனை செய்வது தப்பே இல்லை. முப்பத்தையாயிரம் அடி உயரத்தில் பக்கத்து இருக்கைக்காரனின் பையில் என்ன இருக்கிறது என்று யாராவது பார்த்திருந்தால் நல்லது என்றுதான் எல்லாருக்கும் தோன்றும். அவன் பையைப் பார்க்கணும், என் பையை விட்டுடணும் என்றால் அது எந்த ஊர் நியாயம்? ஆகவே 'என்னைப் போய் எப்படிச் சோதிக்கலாம்' என்கிற கோபத்தில் சாரமில்லை. கோபப்பட வேண்டிய இடம் வேறு. ஏன் என்று கேட்டால் பதில் கிடையாது. திரும்பத் திரும்பக் கேட்டால் 'ரேண்டம்' என்பார்கள். அதாவது குருட்டாம்போக்கில் எடுத்த சீட்டு. ஒரு தடவை வந்தால் சரி, சீட்டுதான். ஆறு பயணத்தில் ஆறு தடவையும் ஒருவருக்கே விழுந்தால் அதற்குப் பேர் சீட்டுக் குலுக்கலா?

இது ஆரம்பித்த கதையே சுவாரசியமானது. பயணிகளைக் கணினி கொண்டு முன்கூட்டியே சலிக்கிற முறை 1990-களின் கடைசியிலேயே அமெரிக்காவில் வந்துவிட்டது. 'காப்ஸ்' என்று பெயர். 2001 செப்டம்பர் 11 அன்று அது வேலை செய்யவில்லை என்றுதான் பலரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். உண்மை அதைவிட மோசம். அது வேலை செய்தது. பென்டகன் மேல் மோதிய விமானத்தைக் கடத்திய ஐந்து பேருமே அன்று காலை கூடுதல் கவனத்துக்கென்று பொறுக்கி எடுக்கப்பட்டவர்கள். மூன்று பேரைக் கணினி காட்டிக் கொடுத்தது, இரண்டு பேர் மேல் கவுண்டரில் இருந்த ஊழியருக்கே சந்தேகம் வந்தது. அப்புறம் என்ன செய்தார்கள்? அன்றைய விதிப்படி, அவர்கள் விமானத்தில் ஏறிவிட்டார்களா என்று உறுதி செய்துகொள்ளும்வரை அவர்களுடைய பெட்டிகளை ஏற்றாமல் நிறுத்தி வைத்தார்கள். அவ்வளவுதான். பெட்டியில் குண்டு வைத்துவிட்டு ஆள் ஏறாமல் நழுவிவிடுவான் என்பதுதான் அந்தக் காலத்துப் பயம். ஆளே குண்டாக வருவான் என்று விதி எழுதியவர்களுக்குத் தோன்றவில்லை.

அதே வருஷம் டிசம்பரில் ரிச்சர்ட் ரீட். காலணிக்குள் வெடிமருந்து வைத்துக்கொண்டு பாரிஸிலிருந்து மயாமிக்குப் போன ஆசாமி. டிசம்பர் 21-ஆம் தேதி அவனைப் பார்த்துச் சந்தேகப்பட்டு நிறுத்தி, துருவித் துருவிக் கேட்டதில் அவன் விமானத்தையே தவறவிட்டான். மறுநாள் வந்தான், ஏறினான். அவனைப் பிடித்தது எந்தப் பட்டியலும் இல்லை. தீக்குச்சி வாசனை பிடித்த விமானப் பணிப்பெண்ணும் சக பயணிகளும்தான்.

2009 கிறிஸ்துமஸ் அன்று ஆம்ஸ்டர்டாமிலிருந்து டெட்ராய்ட் போன விமானத்தில் உள்ளாடைக்குள் வெடிமருந்தோடு உட்கார்ந்திருந்த நைஜீரிய இளைஞன் விஷயம் இன்னும் கொடுமை. அவனுடைய அப்பாவே முந்தைய மாதம் அபுஜாவிலிருக்கும் அமெரிக்கத் தூதரகத்துக்குப் போய், மகன் போகிற போக்கு சரியில்லை என்று சொல்லிவிட்டு வந்திருந்தார். பெற்ற தகப்பன் நேரில் வந்து சொன்னதைவிடப் பெரிய உளவுத் தகவல் என்ன இருக்க முடியும்? அவன் பெயர் ஒரு பெரிய தகவல் கிடங்கில் ஏறியது. சோதனைக்கான பட்டியலுக்கு வந்து சேரவில்லை. அதற்குப் பரிகாரமாக 2010 ஜனவரியில் என்ன செய்தார்கள் தெரியுமா? பதினான்கு நாடுகளிலிருந்து வருகிற அத்தனை பேருக்கும் கூடுதல் சோதனை என்று அறிவித்தார்கள். ஒருவனைப் பற்றிக் கையில் இருந்த தகவலைக் கோட்டைவிட்டதற்கு பதினான்கு நாட்டு ஜனங்களுக்கு அபராதம். ஏப்ரலில் அவர்களே அதைக் கைவிட்டார்கள்.

இதெல்லாம் பிடிக்க வேண்டியவனை விட்ட கதை. விட வேண்டியவரைப் பிடித்த கதை அதைவிட நீளம்.

செனட்டர் எட்வர்டு கென்னடியையே 2004-இல் பல தடவை நிறுத்தினார்கள். பட்டியலில் 'டி. கென்னடி' என்று யாரோ இருந்தானாம். (எட்வர்டைச் செல்லமாக டெட் என்று கூப்பிடுவார்கள்.) அதிபரின் தம்பி, நாற்பது வருஷத்துக்கும் மேல் செனட்டர். அவருக்கே அது சரியாக வாரக்கணக்கில் ஆயிற்று. நெல்சன் மண்டேலா தென்னாப்பிரிக்க அதிபராகி, நோபல் பரிசு வாங்கி, ஓய்வும் பெற்ற பிறகு, 2008-இல் தனிச்சட்டம் போட்டுத்தான் அவரையும் அவர் கட்சியையும் அமெரிக்கப் பயங்கரவாதப் பட்டியலின் நிழலிலிருந்து வெளியே எடுத்தார்கள்.

ஆனால் மாணவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய பெயர் கென்னடியோ மண்டேலாவோ இல்லை. ரஹினா இப்ராஹிம்.

மலேசியாக்காரர். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டத்துக்குப் படித்துக்கொண்டிருந்தார். 2005 ஜனவரி 2-ஆம் தேதி, ஆராய்ச்சி தொடர்பான ஒரு மாநாட்டுக்காகக் கிளம்பி மகளோடு சான் ஃபிரான்சிஸ்கோ விமான நிலையத்துக்கு வந்தார். அறுவை சிகிச்சை செய்துகொண்ட உடம்பு, சக்கர நாற்காலி கேட்டிருந்தார். கவுண்டரில் பெயரைத் தட்டினார்கள். போலீஸ் வந்தது. கையில் விலங்கு மாட்டி அழைத்துப் போனார்கள். சில மணி நேரம் கழித்து விட்டுவிட்டார்கள், மறுநாள் ஊருக்குப் பறக்கவும் அனுமதித்தார்கள். தவறு சரியாகிவிட்டது என்றுதான் யாரும் நினைப்பார்கள். ஆனால் அந்த மாதமே அவருடைய விசா ரத்தானது. சில மாதங்கள் கழித்துத் திரும்பிப் போக முயன்றபோது விமானத்தில் ஏற்றவில்லை. ஸ்டான்ஃபோர்டு படிப்பை மலேசியாவிலிருந்தபடியே முடித்தார்.

அவர் வழக்குப் போட்டார். அரசு, காரணத்தைச் சொன்னால் நாட்டின் பாதுகாப்புக்கு ஆபத்து என்று வாதாடியது. ஒரு வருஷம் இரண்டு வருஷம் இல்லை, எட்டு வருஷத்துக்கு மேல். ராணுவ ரகசியம் என்கிற ரேஞ்சுக்குப் பொத்திப் பொத்தி வைத்திருந்த அந்தக் காரணம் கடைசியில் வெளியே வந்தபோது என்னவாக இருந்தது தெரியுமா?

2004-இல் ஒரு எஃப்.பி.ஐ. அதிகாரி படிவம் ஒன்றை நிரப்பியிருக்கிறார். எந்தெந்தப் பட்டியலில் இவரைச் சேர்க்க வேண்டாமோ அந்தந்தக் கட்டத்தில் குறியிட வேண்டும் என்பது படிவத்தின் விதி. அவர் தலைகீழாகப் புரிந்துகொண்டு, கட்டங்களை மாற்றிக் குறியிட்டுவிட்டார். அவ்வளவே. நுழைவுத்தேர்வில் விடைத்தாளில் கட்டத்தை மாற்றி நிரப்பிவிட்டு வந்து தலையில் கை வைத்துக்கொள்வோமே, அதே தவறு. அங்கே மதிப்பெண் போகும். இங்கே இன்னொருத்தியின் வாழ்க்கையில் ஒன்பது வருஷம் போனது. தான் தவறு செய்தது அந்த அதிகாரிக்கே 2013-இல் வழக்குக்காக விசாரித்தபோதுதான் தெரியவந்ததாம். அமெரிக்கக் குடியுரிமை உள்ள அவருடைய மகள் சாட்சி சொல்ல அமெரிக்காவுக்குக் கிளம்பியபோது, கோலாலம்பூரில் அவரையும் விமானத்தில் ஏற்றவில்லை. 2014 ஜனவரியில் நீதிபதி வில்லியம் அல்சப் தீர்ப்புச் சொன்னார். ரஹினாவால் எந்த ஆபத்தும் இல்லை என்பதை அரசே ஒத்துக்கொண்டிருந்தது. அப்படியும் அவருக்கு விசா தரவில்லை.

இதில் யோசிக்க வேண்டியது அந்த அதிகாரியின் கவனக்குறைவை இல்லை. மனிதர்கள் தவறு செய்வார்கள், படிவங்கள் மகா மட்டமாக வடிவமைக்கப்படும், எல்லா ஊரிலும் உள்ளதுதான். காரணத்தை முதல் நாளே சொல்லியிருந்தால் ஒரு தொலைபேசி அழைப்பில் தீர்ந்திருக்கிற விஷயம் அது. தவறு சின்னது. அதைப் பெரிதாக்கி வளர்த்தது ரகசியம்.

'சொல்லிவிட்டால் தீவிரவாதி உஷாராகிவிடுவானே' என்பார்கள். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் போர்டிங் பாஸில் கொட்டை எழுத்தில் நாலு 'எஸ்' அச்சடித்துக் கையில் கொடுத்த பிறகு உஷாராவதற்கு மிச்சம் என்ன இருக்கிறது? :-) 2002-இலேயே எம்.ஐ.டி.யைச் சேர்ந்த இரண்டு மாணவர்கள் இதைக் கணக்காகவே போட்டுக் காட்டி ஒரு கட்டுரை எழுதினார்கள். 'கார்னிவல் பூத்' என்று அதற்குப் பெயர். அவர்கள் சொன்னது ரொம்ப எளிமை. ஒரு கும்பலில் பத்துப் பேர் இருந்தால், பத்துப் பேரையும் ஒன்றும் எடுத்துப் போகாமல் சும்மா சில தடவை பறக்கச் சொல். யாரைப் பொறுக்கி எடுக்கிறார்கள், யாரை விடுகிறார்கள் என்று தெரிந்துவிடும். ஒரு தடவைகூடப் பிடிபடாதவன் கையில் அப்புறம் பையைக் கொடு. ஆளைப் பார்த்துப் பொறுக்குகிற முறை எவ்வளவுக்கெவ்வளவு உறுதியாக ஒரே ஆட்களைப் பிடிக்கிறதோ, அவ்வளவுக்கவ்வளவு உறுதியாக மற்றவர்களுக்கு 'உனக்கு ஆபத்தில்லை' என்று சான்றிதழ் கொடுக்கிறது. நிஜமான குலுக்கலை இப்படி ஏமாற்ற முடியாது. நேற்று விட்டது இன்றைக்கும் விடும் என்று யாரும் நம்பிப் போக முடியாது.

பன்னிரண்டாம் வகுப்பு நிகழ்தகவுப் பாடம் நினைவிருக்கிறவர்களுக்கு இன்னொரு கணக்கு. பத்து லட்சம் பயணிகளில் ஒரே ஒருவன் வில்லன் என்று வைத்துக்கொள்ளுங்கள். நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது தடவை சரியாகச் சொல்கிற கணினி ஒன்று இருக்கிறது என்றும் வைத்துக்கொள்ளுங்கள். (கிடையாது. ஒரு பேச்சுக்கு.) அது வில்லனைப் பெரும்பாலும் பிடித்துவிடும். கூடவே சுமார் பத்தாயிரம் அப்பாவிகளையும் பிடிக்கும். ஆக, அது கைகாட்டுகிற ஒருவர் உண்மையில் வில்லனாக இருக்க வாய்ப்பு பத்தாயிரத்தில் ஒன்று. அமெரிக்க விமான நிலையங்களில் ஒரு நாளைக்கு இருபது லட்சத்துக்கும் மேற்பட்டோர் பறக்கிறார்கள். மேஜைக்கு முன்னால் பருப்புப்பொடியோடு நிற்கிறவர் குற்றவாளியாக இருக்க மாட்டார் என்பது அங்கே நிற்கும் அதிகாரிக்கும் அனுபவத்தில் தெரியும். தெரிந்தும் ஒவ்வொரு தடவையும் அந்தச் சடங்கு நடக்கிறது.

கணினியையும் முழுக்கக் குறை சொல்ல முடியாது. ஆரம்பத்தில் பட்டியலோடு பெயரை ஒப்பிட்டுப் பார்க்கிற வேலை விமான நிறுவனங்களிடம் இருந்தது, ஆளுக்கொரு விதமாகச் செய்தார்கள். 2010 வாக்கில் 'செக்யூர் ஃப்ளைட்' என்று அரசே அதை எடுத்துக்கொண்டு, பெயரோடு பிறந்த தேதியையும் பாலினத்தையும் சேர்த்துப் பார்க்கத் தொடங்கியது. அதற்குப் பிறகு ஒரே பெயர்க் குழப்பம் குறைந்தது. ஆனாலும் தமிழ்ப் பெயருக்கும் அமெரிக்கக் கணினிக்கும் இன்றுவரை ஜாதகம் பொருந்தவில்லை. குடும்பப்பெயர் என்ற ஒன்றே இல்லாத ஊரிலிருந்து, அப்பா பெயரின் முதலெழுத்தை முன்னால் வைத்துக்கொண்டு போகிறவர்கள் இவர்கள். பாஸ்போர்ட்டில் எல்லாம் ஒரே கட்டத்தில் இருந்தால் விசாவில் 'எஃப்.என்.யூ.' என்று வந்துவிடும். முதற்பெயர் தெரியவில்லை என்று அர்த்தம். அம்மா அப்பா யோசித்து வைத்த பெயர் அங்கே 'தெரியவில்லை' ஆகிவிடுகிறது. டிக்கெட்டில் ஒரு மாதிரி, விசாவில் ஒரு மாதிரி, பல்கலைக்கழக அடையாள அட்டையில் ஒரு மாதிரி. இதில் அப்பா பெயர் முகமதாகவோ இப்ராஹிமாகவோ இருந்துவிட்டால் கேட்கவே வேண்டாம்.

இங்கேதான் அப்துல் கலாம் வருகிறார்.

2009 ஏப்ரலில் டில்லி விமான நிலையத்தில் அமெரிக்காவுக்குக் கிளம்பிய கலாமைக் கான்டினென்டல் ஏர்லைன்ஸ் ஊழியர்கள் மற்ற பயணிகளைப் போலவே சோதித்தார்கள். முன்னாள் குடியரசுத் தலைவர்களுக்குச் சோதனை கிடையாது என்பது இந்திய விதி. ஜூலையில் விஷயம் வெளியே வந்து நாடாளுமன்றத்தில் கூச்சல் எழுந்தது, நிறுவனம் மன்னிப்புக் கேட்டது. 2011 செப்டம்பரில் நியூயார்க்கில் அதைவிட ஒரு படி மேலே போனார்கள். ஏர் இந்தியா விமானத்துக்குள் இருக்கையில் உட்கார்ந்துவிட்டவரிடம் வந்து, கோட்டையும் காலணியையும் வாங்கிக்கொண்டு போய்ச் சோதித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்கள். மறுபடி இந்தியாவில் கொதிப்பு. மறுபடி அமெரிக்காவின் மன்னிப்புக் கடிதம். இரண்டு தடவையும் ஒரு வார்த்தை முணுமுணுக்காதவர் ஒரே ஒருவர்தான், அவர் கலாம்.

2010 டிசம்பரில் மிசிசிப்பி மாநிலத்து ஜாக்சன் விமான நிலையத்தில் இந்தியத் தூதர் மீரா சங்கரைத் தனியே அழைத்துத் தடவிச் சோதித்தபோதும் இதே கொதிப்பு. புடவை கட்டியிருந்ததுதான் காரணம் என்று அப்போது செய்திகள் வந்தன. தூதர் என்று சொல்லியும் விடவில்லை.

இந்தக் கொதிப்பில் ஒரு கோணல் இருக்கிறது, கவனியுங்கள். நம்மூர்த் தொலைக்காட்சிகளும் அரசியல்வாதிகளும் கேட்ட கேள்வி 'எங்கள் வி.ஐ.பி.யை எப்படித் தொடலாம்' என்பது. இந்திய விமான நிலையங்களில் சோதனை கிடையாது என்று நீளமாகப் பெயர்ப்பட்டியல் தொங்கிய நாடு அல்லவா? எந்தப் பதவியிலும் இல்லாத ஒரு மருமகனின் பெயர்கூட 2015 வரை அதில் இருந்தது. ஆகவே அவர்களுக்கு அது சலுகை பறிபோன கோபம். ராமநாதபுரம், கீழக்கரை, காயல்பட்டினம் பக்கம் போனால் அப்துல் கலாம் என்ற பெயரில் எத்தனையோ பேர் இருப்பார்கள். பொறியாளர், மாணவர், பேரனைப் பார்க்கப் போகிற தாத்தா. அந்தப் பெயரோடு அவர்கள் மேஜைக்கு முன்னால் நிற்கும்போது நாடாளுமன்றம் கூடாது. மன்னிப்புக் கடிதமும் வராது. கலாமை விட்டுவிடுங்கள் என்று கேட்டது போதவே போதாது. கலாமைச் சோதித்தது 'எல்லாருக்கும் ஒரே விதி' என்பதாலா, இல்லை வேறு எதனாலாவதா என்று கேட்டிருக்க வேண்டும். முதல் பதில் என்றால் கைதட்டியிருக்கலாம். அதை யாரும் கேட்கவில்லை.

ரகசியமாகவே வைத்திருந்தால் என்ன ஆகும் என்பதற்கு அண்மைக்கால உதாரணமும் உண்டு. 'கொயட் ஸ்கைஸ்' என்ற திட்டம் பல வருஷம் சத்தமில்லாமல் நடந்தது. எந்தப் பட்டியலிலும் இல்லாத பயணிகளை விமானத்துக்குள்ளேயே மாறுவேட அதிகாரிகள் பின்தொடர்ந்து, அவர் தூங்கினாரா, வியர்த்தாரா என்றெல்லாம் குறிப்பெடுத்தார்கள். 2018-இல் 'பாஸ்டன் குளோப்' பத்திரிகை எழுதித்தான் வெளியுலகுக்கே தெரிந்தது. 2025 ஜூனில் அமெரிக்க உள்நாட்டுப் பாதுகாப்புத் துறை அதை மூடியது. வருஷத்துக்கு சுமார் 20 கோடி டாலர் செலவழித்து ஒரு தாக்குதலைக்கூட அது தடுக்கவில்லை என்று அந்தத் துறையே அறிவித்தது. (தேதி கேட்காமல் செலவழிக்கிற காசுக்கு இப்படித்தான் கணக்கு வரும்.) மூடியது அந்தத் திட்டத்தை மட்டும்தான். நாலு 'எஸ்' அப்படியே இருக்கிறது.

மெக்சிகோ விமான நிலையங்களின் சுங்கப் பகுதியில் பல வருஷங்கள் ஒரு ஏற்பாடு இருந்தது. போக்குவரத்து சிக்னல் மாதிரி ஒரு கம்பம், அதில் ஒரு பொத்தான். பயணியே போய் அழுத்த வேண்டும். பச்சை வந்தால் நடையைக் கட்டலாம். சிவப்பு வந்தால் பெட்டியைத் திறக்க வேண்டும். சிவப்பு வந்தவருக்கு எரிச்சல் வரும், அவமானம் வராது. தன் பெயரையோ தோலையோ தாடியையோ பார்த்து அந்த விளக்கு எரியவில்லை என்று அவருக்கும் தெரியும், பின்னால் நிற்கிறவருக்கும் தெரியும். குலுக்கல்தான் என்று சொல்கிறவர்கள் குலுக்கலை இப்படிக் கண்ணெதிரே வைத்தால் என்ன? குலுக்கல் இல்லை, சந்தேகம்தான் என்றால், அதையாவது வாய்விட்டுச் சொல்லி, தவறென்றால் திருத்திக்கொள்ள ஒரு வழி வைக்க வேண்டும். இரண்டும் இல்லாமல் சந்தேகப்பட்டுக்கொண்டே குலுக்கல் என்று சொல்வதுதான் பொறுக்கவில்லை.

வழி வைத்திருக்கிறோமே என்று அவர்கள் சொல்லலாம். 2007-இலிருந்து 'டி.எச்.எஸ். டிரிப்' என்று ஒரு முறையீட்டு ஏற்பாடு இருக்கிறது. திரும்பத் திரும்ப மாட்டுகிறவர்கள் இணையத்திலேயே விண்ணப்பிக்கலாம், காசு கிடையாது. பாஸ்போர்ட் நகலை இணைத்து, எந்தெந்தப் பயணத்தில் என்ன நடந்தது என்று எழுதி அனுப்ப வேண்டும். போர்டிங் பாஸ்களைத் தூக்கி எறியாமல் வைத்திருந்தால் தேதி சொல்ல வசதி. ஓர் எண் தருவார்கள். அடுத்த தடவை டிக்கெட் வாங்கும்போது 'ரிட்ரெஸ் எண்' என்று கேட்கும் கட்டத்தில் அதை நிரப்ப வேண்டும். பெயர்க் குழப்பத்தில் மாட்டியவர்களுக்கு இது உதவும். ஆகவே மாட்டுகிறவர்கள் சோம்பல்படாமல் விண்ணப்பித்துவிடுவது நல்லது. அது வரும்வரை இரண்டு மணி நேரம் முன்னதாகப் போய் நிற்பதும், இணைப்பு விமானங்களுக்கு நடுவே தாராளமாக இடைவெளி விடுவதும்தான் வழி.

கடைசியில் அவர்களிடமிருந்து கடிதமும் வரும். கோப்பை ஆராய்ந்தோம், தேவையான திருத்தங்கள் இருந்தால் செய்துவிட்டோம் என்கிற பாணியில் இருக்கும். பட்டியலில் இருந்தீர்கள் என்றும் அதில் இருக்காது, இல்லை என்றும் இருக்காது. 2014-இல் ஒரிகான் நீதிமன்றம் குட்டு வைத்த பிறகு, பறக்கவே தடைவிதிக்கப்பட்ட அமெரிக்கக் குடிமக்களுக்கும் நிரந்தரக் குடியேறிகளுக்கும் மட்டும், கேட்டால் பதில் சொல்கிறார்கள். மாணவர் விசாவில் இருப்பவருக்கு, வெறும் நாலு 'எஸ்' மட்டும் விழுந்துகொண்டிருப்பவருக்கு, அந்தப் பதில் கிடையாது. அடுத்த விமானத்துக்கு முந்தின நாள் ராத்திரி கணினி முன் உட்கார்ந்து, 'செக்-இன்' ஆகிறதா என்று பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.